அத்துச் சாரியை

மாலை நாலரைக்கு வந்த விளம்பரத்தில்
ஒரே ஒரு சொல்தான் தகராறு.
எலிசியன்.
பதினெட்டு மாடி, எலிசியன் வாழ்வு, ஏரி பார்த்த பால்கனி.
தமிழில் வேண்டும், இன்றே,
ஞாயிற்றுக்கிழமை அரைப்பக்கம்.

சொர்க்க வாழ்வு என்று போட்டேன்.
ரினோ போனில் சிரித்தான்.
"சொர்க்கம்னா செத்தாத்தானே சார் போவாங்க?
புக்கிங் விழாது."
எலிசியத்துக்கும் செத்தால்தான் போவார்கள், ரினோ.
கிரேக்கர்கள் தங்கள் நல்ல பிணங்களுக்கு
ஒதுக்கி வைத்த புல்வெளி அது.
ஆங்கிலத்தில் சொன்னால் யாருக்கும் தெரியாது,
அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபத்திரண்டு வருடமாக
சிந்தாதிரிப்பேட்டையில், ஒரு பைண்டிங் கடைக்கு மேலே,
சொல்லுக்கு இரண்டு ரூபாய்.
இல்லாத ஊர்களின் பெயரடைகள்
எனக்கு அத்துப்படி.
ஆர்கேடியன் மூன்று முறை வந்திருக்கிறது, மூன்றும் வில்லா.
வடக்குக் காற்றுக்கும் வடக்கே
கிழடு தட்டாத ஜனங்கள் இருந்தார்களாம்,
அவர்கள் பெயரை ஒரு ஏசி கம்பெனி வாங்கிக்கொண்டது.
சூரியன் எட்டிப் பார்க்காத சிமேரிய இருட்டு
இதுவரை விற்பனைக்கு வரவில்லை.
வந்தால் மின்வாரியத்தைக் கேட்க வேண்டும்.

ஸ்டிஜியன் என்று மட்டும்
எந்தக் கட்டடத்துக்கும் பெயர் வைப்பதில்லை.
அது செத்தவர்கள் தாண்டும் கறுப்பு ஆறு.
எங்கள் ஜன்னலுக்குக் கீழே ஓடுகிறது.
ஓடுகிறது என்பது ஒரு மரியாதைக்கு.

படகோட்டிக்குக் கூலியாக
அவர்கள் பிணத்தின் வாயில் காசு வைப்பார்கள்.
நாம் நெற்றியில்.
அந்த டிசம்பரில், வேளச்சேரியில்,
ஈஞ்சம்பாக்கத்துப் படகு ஒன்று
எங்கள் மொட்டைமாடிப் படிக்கட்டில் வந்து முட்டியது.
நான், மனைவி, அவள் விடமாட்டேன் என்ற தையல் மெஷின்.
மெயின் ரோட்டில் இறக்கிவிட்டார். தேசப்பன் என்று பெயர்.
ஐந்நூறு ரூபாய் நீட்டினேன்.
"ஈரமா கீது, நீயே வச்சிக்க" என்று
துடுப்பை ஊன்றித் திரும்பிப் போனார்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
கூலி வாங்காத படகுக்கு
எந்த அகராதியிலும் பெயரடை இல்லை.

போன வாரம் கட்டடத்தைப் போய்ப் பார்த்தேன்.
ஏரி என்பது சதுப்பு.
வாசலில் திகந்த போரா, ஜோர்ஹாட்காரன்,
பதிவேட்டில் என் பெயரைத் தப்பாக எழுதிக்கொண்டு
எலி சியான் என்று வரவேற்றான்.
ஷேர் ஆட்டோக்காரர்கள் இன்னும் சுருக்கிவிட்டார்கள்:
"எலி பில்டிங்லாம் எறங்கு."
பக்கத்தில் குப்பைமேடு இருப்பதால்
அதுவும் பொருத்தம்தான்.

ஆங்கிலத்தில் ஊருக்கு வால் ஒட்டினால் பெயரடை.
நமக்கு ம் போய் அத்து வரும்.
மாம்பலத்து நெரிசல்.
தாம்பரத்துக் கடைசி வண்டி.
கூவத்து என்று தொடங்கினால் போதும்,
அடுத்த சொல்லை மூக்கே முடித்துவிடும்.

மணி ஏழு. ரினோ இரண்டு முறை கூப்பிட்டுவிட்டான்.
கடல் கொண்டதாகச் சொல்லும் ஊர்கள்
நம்மிடமும்தான் இருக்கின்றன,
பெயரடை கேட்டு யாரும் வந்ததில்லை.
ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பார்த்தேன்:

கபாடபுரத்து:
பத்திரம் கையிலும்
நிலம் தண்ணீரிலும் இருக்கும் நிலை.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
சொல்லை மட்டும் அனுப்பினேன்.
கபாடபுரத்து வாழ்வு, ஏரி பார்த்த பால்கனி.

"சூப்பர் சார். ராஜா காலத்து மாதிரி இருக்கு.
மீனிங் என்ன?"
பழைய தலைநகரம் என்றேன்.
பொய்யில்லை.

பில்லில் ஒரு சொல் என்றுதான் எழுதினேன்.
இரண்டு ரூபாய்.